மேடை ஏறிய பறை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இசைக்கு மயங்காதார் இவ்வுலகில் இலர் என்பர். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழன் வாழ்வு. ஆயின், எந்த இசைக்கு மேடை, எந்த இசைக்குத் தெரு என்று பிரித்து வைத்தவர் யார்? இவ்வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அண்மைக் காலத்தில் அதனை உரக்க எழுப்பியது ஓர் இசைக்குழு. அக்குழுவைப் பற்றியும், அது நம் தலைமுறையின் இசையில் பதித்த தடத்தைப் பற்றியும் என் கருத்தை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. கடலூருக்கு அருகே ஒரு பள்ளியில் நான் படித்த காலம். ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் தந்தையின் பறையைக் கொண்டு வந்தான். மைதானத்தின் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, இரண்டு அடி அடித்தான். வகுப்பறைகளில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். விழாப் பொறுப்பில் இருந்தவர் மட்டும் முகம் சுளித்தார். "இது சாவு மேளம்டா தம்பி, விழாவுக்கு ஆகாது" என்றார். அவர் கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தோழன் பறையைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றான். விழாவன்று ஒலிநாடாப் பாட்டுக்கு ஆடிய சினிமா நடனம் முதற்பரிசு பெற்றது. அப்படத்தின் பாட்டிலும் பறைதான் முழங்கியது என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

இனி குழுவுக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பத்தொன்பது பேர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம், இவற்றோடு மின்கித்தாரும் மேல்நாட்டு முரசும். "சாதிபேதமற்ற" என்று அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட சொல்லிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கிய அப்பெரியாரின் சொல், நூறாண்டு கடந்து ஒலிபெருக்கி வழியே ஒலித்தது எனலாம்.

அவர்கள் பாடிய பொருள் என்ன? இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர். காதலைத் தவிர வேறொன்றும் பாட்டுக்குப் பொருளாகாது என்று நம்பியிருந்த செவிகளுக்கு இது புதிது. ஆனால் கருத்து மட்டும் இருந்தால் அது சொற்பொழிவாகிவிடும். கேட்டவர்கள் கால் தாளம் போட்டது, கை தட்டியது, பிறகுதான் சொல் உள்ளே இறங்கியது. அதுவே அக்குழுவின் வெற்றி.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வருகிறது. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் 'பங்க்' இசை புயலாக வீசி ஓய்ந்தபின், அதனினும் சிந்தனை மிக்க ஓர் இசைமுறை எழுந்தது. அதனைப் 'போஸ்ட் பங்க்' என்பர். அதில் 'கேங் ஆஃப் ஃபோர்' என்றொரு குழு. லீட்ஸ் பல்கலைக்கழகத்துக் கலை மாணவர்கள் சிலர் தொடங்கியது. நம்மைப் போன்ற மாணவர்கள்தாம்! 1979இல் அவர்களது முதல் முழுநீள இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியின் புகழ்பெற்ற நிகழ்ச்சியில் பாட வாய்ப்புக் கிட்டியது. பாட்டில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றார்கள். உடன்பாடு ஏற்படவில்லை, குழு வெளியேறிவிட்டது. ஒரு சொல்லுக்காகப் பெரும் விளம்பரத்தை இழந்தவர்கள் அவர்கள். விற்பனையில் அவர்கள் முதலிடம் பெற்றதில்லை. எனினும், பின்னர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய எத்தனையோ தனியிசைக் குழுக்கள் தங்கள் முன்னோடியாக அவர்களைச் சுட்டின. ஒரு குழுவின் ஆயுளை விற்ற தட்டுகளைக் கொண்டு அளக்கக் கூடாது. அதைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் தாமே கருவியைக் கையில் எடுத்தார்கள் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். இதுவே என் அளவுகோல்.

இந்த அளவுகோலால் அளந்தால் நம் குழு எங்கே நிற்கிறது? குழுவின் ராப் பாடகர் அறிவு, 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில், தீயுடன் அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' கடல் கடந்தும் ஒலித்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமின்றித் திரும்பிய முன்னோரின் கதை, எந்தத் திரைப்படத்தின் துணையுமின்றிக் கோடிக்கணக்கானோர் செவியை எட்டியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் துணிந்து பாடிய இசைவாணி, 2020இல் பி.பி.சி. தேர்ந்த நூறு பெண்களில் ஒருவரானார். அதே 2020 திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி என்றால் சபாக்கள் மட்டுமே என்றிருந்த நிலை மாறி, பறையும் ஒப்பாரியும் கானாவும் அம்மாதத்தில் மேடை கண்டன. ஒரு குழுவிலிருந்து கிளைத்தவை இத்தனை.

இதற்கும் நம் சிதம்பரத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, மிக ஆழமான தொடர்பு.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். நந்தனாரின் தொண்டு யாது? கோயில்களின் முரசுக் கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தல். சேக்கிழார் தெளிவாகவே கூறுகிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது; அவர் வாயிலில் நின்றார். அவர் கொடுத்த நரம்பு சந்நிதியில் இசைத்தது. அவர் தில்லையின் எல்லையைச் சுற்றி வந்தார். கருவி உள்ளே, கருவியைச் செய்தவன் வெளியே! தமிழிசையின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான காட்சி ஒன்று உண்டா? 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வரலாற்றைக் கீர்த்தனையாக்கினார். நாடு முழுதும் அழுதது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயிலைத் திறந்தவர் எத்தனை பேர்? இருபதாம் நூற்றாண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கண்டு அந்தக் கண்ணீருக்குப் பொருள் தந்தார்.

மற்றொன்றும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்ற முழக்கம் நம் மண்ணிலிருந்து எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. அன்று எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? "இசைக்கு ஏது மொழி?" என்று கேட்டவர்கள் உண்டு. இன்று "இசைக்கு ஏது சாதி?" என்று கேட்கிறார்கள். இரண்டு வினாக்களும் அழகானவைதாம். ஆனால் அவற்றைக் கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே மேடையில் அமர்ந்திருப்பவர். அன்று எழுந்த வினா, எம்மொழியில் பாடுவது என்பது. இன்று எழுந்திருப்பது, யார் பாடுவது, எவர் தெருவின் தமிழில் பாடுவது, எந்தத் தோலில் அடிப்பது என்பது. முன்னதன் தொடர்ச்சியே பின்னது என்பது என் துணிபு.

சிலர் மறுப்புரைப்பர். "கித்தாரும் ராப்பும் மேல்நாட்டுச் சரக்கல்லவா?" என்பர். பிடில் எங்கிருந்து வந்தது? ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? வந்தவற்றை வாரி அணைத்துத் தனதாக்கிக்கொண்டதே தமிழிசை. "இது இசையன்று, பிரசாரம்" என்பர் வேறு சிலர். பக்தியைப் பரப்பப் பாடினால் இசை, உரிமையைக் கேட்கப் பாடினால் பிரசாரமா? அவர்கள் பாட்டு அனைத்தும் சிறந்தவை என்று நான் வாதிடவில்லை. சில பாட்டுகளில் முழக்கம் மிகுந்து இசை மெலிந்திருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை கேட்பவனுக்கு உண்டு. ஆனால் கேட்ட பின்பே உண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. புகழ் வரும்போது பெயர் தொலைவதும் உண்டு. 2021 ஆகத்தில் ஆங்கில இசை இதழொன்று, 'எஞ்சாயி எஞ்சாமி'யின் வெற்றியைப் பேசிய தன் அட்டையில் அறிவின் படத்தை விட்டுவிட்டது. பா. இரஞ்சித் கண்டித்தார்; விவாதம் எழுந்தது; அதன் பிறகே அறிவின் படத்தோடு மின்னட்டை ஒன்று வந்தது. தோல் உள்ளே, தொண்டர் வெளியே என்ற பழங்கதை புதிய அச்சில் வந்ததாகவே எனக்குப் பட்டது.

மாணவத் தோழர்களே! மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே! ஒரு குழுவைப் புகழ்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம்மால் செய்யக்கூடியவை மூன்று உண்டு. ஒன்று: அடுத்த முத்தமிழ் விழாவில் அரை மணி நேரம், மாணவர் தாமே எழுதி இசைத்த பாட்டுக்கென ஒதுக்க வேண்டும், சினிமாப் பாட்டுக்கு அந்த அரை மணியில் இடமில்லை. இரண்டு: நம் மாவட்டத்துப் பறைக் கலைஞர் ஒருவரை ஆசானாக அழைத்து, பொன்னாடையோடு நிறுத்தாமல் உரிய மதிப்பூதியமும் தந்து, மாணவர்க்குக் கற்பிக்கச் செய்ய வேண்டும். மூன்று: தேவனாம்பட்டினத்து மீனவரின் அம்பாப் பாட்டையும், வயலில் நாற்று நடும் நம் தாய்மார் பாட்டையும் நம் கைப்பேசியிலேயே பதிவு செய்து, பாடியவர் பெயரோடு கல்லூரி நூலகத்தில் சேர்க்க வேண்டும். பெயர் முக்கியம்.

நான் சொன்ன அந்தத் தோழன் இப்போது கல்லூரியில் இல்லை, வேலைக்குப் போய்விட்டான். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் நிகழ்ச்சி ஒன்றைக் கைப்பேசியில் அவனுக்குக் காட்டினேன். பறை அடிப்பவர் மேடையின் நடுவே நின்றார். நெடுநேரம் பார்த்தான். "நல்லாக் காய்ச்சியிருக்காங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை துணியில் சுற்றிய பறையை வெளியே எடுத்தான்.

அடுத்த விழாவுக்கு அவனை அழைக்க விரும்புகிறேன். அவனை வாயிலில் நிறுத்தாத மேடை நம்முடையதாக இருக்கட்டும்!