சனியும் ஞாயிறும் சிகிச்சையின் பகுதியே

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் பகுதிகளில் இன்று ஆயிரக்கணக்கான இளம் தம்பதியர் வாழ்கின்றனர். பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வேலைக்காக வந்து வாடகை வீட்டில் குடியேறியவர்கள். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம். சனியும் ஞாயிறும் மட்டுமே அவர்களுக்குச் சொந்தம். அந்த இரண்டு நாளில் அவர்கள் செய்பவை பெரிய சாகசங்கள் அல்ல. விடியற்காலையில் கந்தசுவாமியைத் தரிசித்துவிட்டுப் பிரணவமலையில் ஏறுகிறார்கள். திருப்போரூரிலிருந்து நெம்மேலி செல்லும் சாலையில் உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து கடலைப் பார்க்கப் போகிறார்கள். திரும்பும் வழியில் ஒரு தேநீர். அடுத்த வாரம் எங்கே போவது என்ற பேச்சு. ஒரு புதிய குடும்பம் இப்படித்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது.

அந்தக் குடும்பத்துக்குள் நீண்டகால நோய் ஒன்று நுழையும்போது முதலில் பறிபோவது இந்த வார இறுதிதான். முதல் வகை நீரிழிவு, வலிப்பு நோய், வாதக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை முப்பது வயதுக்கு முன்பே வரக்கூடிய நோய்கள். வேலைக்குப் போவதை யாரும் நிறுத்துவதில்லை; கடனும் வாடகையும் இருக்கின்றன. சமையல், துணி, வீட்டுவேலை எதுவும் நிற்பதில்லை. நிற்பது மகிழ்ச்சி ஒன்றே. "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். ஆனால் இவற்றில் பல, தேறி முடிந்துபோகும் நோய்கள் அல்ல. உடன் வாழவேண்டிய நோய்கள். எனவே அந்த "அப்புறம்" வருவதேயில்லை.

கோடையில் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "மகாபலிபுரம் வரைக்கும் போய்ட்டு வரலாமா டாக்டர்?" என்பது. நோயாளி ஒருவர் இன்பத்தைப் பற்றிக் கேட்பது தகாது என்பதுபோல, சற்றுக் கூச்சத்துடனேயே அது கேட்கப்படுகிறது. நோய் கட்டுப்பாட்டில் உள்ள பெரும்பாலோருக்கு என் விடை, போகலாம் என்பது மட்டுமன்று. போகத்தான் வேண்டும் என்பதாகும்.

காரணம் இதுதான். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்வதற்கு மனத்தில் ஒரு பற்று வேண்டும். எதற்காக இந்த ஊசி, எதற்காக இந்தப் பத்தியம் என்ற கேள்விக்கு ஆய்வக அறிக்கையின் எண் விடையாகாது. வாழத்தக்க ஒரு வாழ்வே விடையாகும். இரண்டாவதாக, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் செவிலியாகவும் ஆகிவிட்ட வீட்டில், கணவன் மனைவி என்ற உறவு மெல்லத் தேய்கிறது. "மாத்திரை போட்டாச்சா? சுகர் எவ்வளவு?" என்பதற்கு அப்பால் பேச்சில்லாத நாள்கள் வருகின்றன. பராமரிப்பவரின் களைப்பை எந்தக் கருவியும் அளப்பதில்லை. ஆனால் அது நோயாளியின் சிகிச்சையையும் பாதிக்கிறது. வாரத்தில் மூன்று மணிநேரம் இருவரும் வெறும் கணவன் மனைவியாக இருப்பது, அந்த வாரம் முழுவதும் நடக்கும் பராமரிப்புக்கு ஊட்டமாகிறது.

இதில் ஆண், பெண் வேறுபாடு ஒன்றும் உண்டு. நோயாளி மனைவியாக இருந்தால், "இந்த வெயில்ல அவளை எங்கடா கூட்டிட்டுப் போறே?" என்று தடை வருகிறது. நோயாளி கணவராக இருந்தால், "அவனுக்கு முடியலன்னு தெரியும்ல, நீ சொல்லக் கூடாதாம்மா?" என்று பழி வருகிறது. இரு வகையிலும் பேச்சு விழுவது அந்தப் பெண்ணின் மீதே. பெரியவர்களின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அச்சத்தைத் திட்டமாக மாற்ற முடியும் என்பதே மருத்துவம் கற்பிக்கும் பாடம்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வை ஒன்றே வழி. கடலோரத்தில் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. அதனால் வெப்பமானி காட்டுவதைவிடக் கூடுதலான சுமையை உடல் தாங்குகிறது. கத்திரி வெயில் நாள்களில் முற்பகல் 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெளியில் அலைவது நலமுள்ளவருக்கே தகாது. எனினும் இந்தக் கரைக்குக் கடற்காற்று என்ற கொடை உண்டு. பல நாள்களில் அது நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கி மாலையை இதமாக்குகிறது. ஆகவே நாம் தவிர்க்கவேண்டியது ஊரை அன்று, நேரத்தை. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்துச் சிற்பங்கள் காலை ஏழு மணி வெயிலில்தான் அழகாகவும் இருக்கின்றன. பகலில் போயே ஆகவேண்டுமென்றால், முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவின் பழைய வீடுகளோ, 1976இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி முதலைப் பண்ணையின் மரநிழலோ திறந்த மணற்பரப்பைவிட ஏற்றவை.

இனி நோய்வாரியாகச் சில சொற்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள்: பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் வைக்கவேண்டும். இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி கோடையில் அடுப்புக்குச் சமம். அங்கே வைத்த மருந்து பார்வைக்கு மாறாமலிருந்தும் வீரியம் இழக்கலாம். ஈரத்துணி சுற்றிய சிறு பையில், நிழலில், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்; பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கவேண்டாம். வெப்பத்தில் இன்சுலின் உடலில் விரைவாக உறிஞ்சப்படுவதால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். அதன் முதல் அறிகுறி வியர்வை. கோடையில் அதை வெயிலின் வியர்வை என்றே எண்ணிவிடுகிறோம். நடுக்கம், பசி, காரணமற்ற எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை சேர்ந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மற்றொன்று: ஊசி போட்டுக்கொண்டு கிளம்பி, "தரிசனம் முடித்துச் சாப்பிடலாம்" என்று உணவைத் தள்ளிப்போடாதீர்கள். கிருத்திகை நாளில் திருப்போரூர் வரிசை எவ்வளவு நீளும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊசிக்குப் பின் உணவு. உணவுக்குப் பின் முருகன். அவர் பொறுத்துக்கொள்வார்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயிலேறிய கோயில் பிராகாரத்திலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. கால் வெந்துபோனது வீடு திரும்பிய பின்னரே தெரியவரும். அந்தக் கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். கோயிலுக்குக் காலையில் செல்லுங்கள். கனத்த பருத்திக் காலுறை அணியுங்கள். திரும்பியதும் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துவிடுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்: வாரத்தில் மூன்று முறை சிகிச்சை பெறுவோருக்கு இரண்டு நாள் இடைவெளி ஒன்று கட்டாயம் வரும், உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுதியாகச் சேர்வது அப்போதுதான். திங்கள், புதன், வெள்ளி முறையில் இருப்பவருக்குச் சனிக்கிழமையே வெளியில் செல்ல உகந்த நாள். ஞாயிறு மாலை உகந்ததன்று. செவ்வாய், வியாழன், சனி முறையில் இருப்பவர் ஞாயிறு காலையில் செல்லலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விற்கும் இளநீர் மற்றவர்க்கு அமுதம். உங்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது. உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களிலும் பொட்டாசியம் உண்டு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை தாகத்தைப் பெருக்கும். தாகம் நீரைக் கேட்கும். அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட நீரை ஒரே புட்டியில் அளந்து எடுத்துச் செல்லுங்கள். இடையிடையே வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் பையையோ இறுக்கமான கடிகாரத்தையோ மாட்டவேண்டாம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள்: வெள்ளி இரவு வெகுநேரம் கண்விழித்துவிட்டுச் சனி விடியலில் கிளம்புவது வலிப்பை வரவழைக்கும். தூக்கத்தைக் குறைத்துப் பயணத்தைக் கூட்டாதீர்கள். வண்டியை நீங்கள் ஓட்டவேண்டாம். கடலுக்குள் இறங்கவே வேண்டாம். வலிப்பு வந்தால் உடன் இருப்பவர் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மென்மையாக ஏதேனும் வைத்தால் போதும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை; வாயில் எதையேனும் திணிப்பது தீங்கு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

இதய நோய் உள்ளவர்கள்: நீர் இறக்கும் மாத்திரையை வெளியில் செல்லும் நாளில் பல பெண்கள் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வழியில் கழிப்பறை இராது என்ற அச்சமே காரணம். இது வெட்கப்படவேண்டிய செய்தியன்று. மாத்திரையின் நேரத்தை மாற்றியமைக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டிய செய்தி. வழியில் எங்கே கழிப்பறை உண்டு என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது கணவரின் பொறுப்பாக இருக்கட்டும். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குபவர் அடிவாரக் கோயிலில் வணங்கி நிறைவு கொள்வது நல்லது. வால்வுப் பழுதுக்காகக் குறித்த நாளில் போடும் பெனிசிலின் ஊசியைப் பயணத்துக்காகத் தள்ளிவைக்கக் கூடாது.

எல்லார்க்கும் பொதுவானவை இரண்டு. முதலாவது கடல். இந்தக் கரையில் இழுப்பு மிகுதி. அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். கணுக்கால் நனைவதோடு நில்லுங்கள். இரண்டாவது சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி வேகம் அச்சம் தரத்தக்கது. தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்று. பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். சர்க்கரையை முறையாகக் கட்டுப்படுத்திக்கொண்டு தலைக்கவசமின்றிப் பயணம் செய்வதில் பொருளில்லை.

வெயிலில் ஒருவர் தடுமாறினாலோ, பொருளற்றுப் பேசினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு எனக் கொள்ளுங்கள். நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழையுங்கள். குளிர்விப்பதை ஆம்புலன்ஸ் வரும்வரை ஒத்திவைக்கக் கூடாது.

இவ்வளவு நிபந்தனைகளா என்று மலைக்கவேண்டாம். இவற்றில் உங்களுக்கு உரியவை நான்கைந்தே. இரண்டு முறை கடைப்பிடித்தால் மூன்றாம் முறை பழக்கமாகிவிடும். வெளியில் செல்லவே இயலாத வாரங்களும் வரும். அப்போது மொட்டைமாடியில் பாய் விரித்துக் கடற்காற்று வாங்குவதும் வார இறுதிதான். தூரம் முக்கியமன்று, அந்த நேரத்தில் நோயைப் பற்றிய பேச்சு இல்லாதிருப்பதே முக்கியம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் கிளம்பும்போது தடுக்காதீர்கள். குழந்தை இருந்தால் அந்த மூன்று மணிநேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நோயோடு போராடும் இளம் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இளம் தம்பதியருக்கு ஒன்று. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது ஆய்வக அறிக்கைகளோடு உங்கள் வார இறுதித் திட்டத்தையும் கொண்டுவாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப அமைப்பது எளிது. உங்கள் வாழ்வுக்கேற்ப மருந்து அமையட்டும். மருந்துக்காக வாழ்வைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.