ஆப் காட்டும் தேதியும் உடம்பு காட்டும் தேதியும்

கீழ்பென்னாத்தூரோ சென்னையோ, இப்போ பல பெண்களின் பீரியட்ஸ் கணக்கு போனில்தான். 'இந்த நாட்கள் சேஃப்' என்று ஆப் காட்டினால் நம்பலாமா?

நாள் எண்ணுவது புதுசு இல்லை. 1950களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் யோசனைப்படி, டெல்லி லோதி காலனியிலும் மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் பெண்களுக்கு மணிமாலை கொடுத்து நாள் எண்ணச் சொன்னார்கள். பெரிதாக எடுபடவில்லை. இன்றைய ஆப்பும் பெரும்பாலும் அதே மணிமாலைதான். போன மாதங்களை வைத்து இந்த மாதத்தை ஊகிக்கிறது.

உடம்பு தரும் அடையாளம் வேறு. கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவாகி, விரலில் இழுத்தால் நீளும். காலையில் எழுந்ததும் பார்க்கும் உடல் வெப்பம் சற்று கூடுவது, முட்டை வெளிவந்த பிறகுதான். அது லேட்டான தகவல். விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும், முட்டை ஒரே நாள். அதனால் முந்தி வரும் அடையாளமே முக்கியம்.

குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு இது நல்ல துணை. வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் நம்பினால் ஆண்டுக்கு 100 பேரில் 23 பேர் வரை கருத்தரிக்கலாம். நைட் ஷிஃப்ட், காய்ச்சல், பிசிஓஎஸ் எல்லாம் குழப்பும். கணவர் 'இன்னைக்கு வேண்டாம்' என்பதை ஏற்கணும், அதுதான் கஷ்டம். காண்டமும் காப்பர்-டியும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.