குடும்ப நலம்: சொல்லக் கூசும் நோய்

சென்ற மாதம் சகோதரியொருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்னும் வேண்டுகோளுடன் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வயது 54. மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களாக மீண்டும் உதிரம் காண்கிறதாம். உடற்சூடு என்று அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு, வெந்தயம் ஊறவைத்துக் குடித்து வருகிறார். கணவரிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொல்லக் கூச்சம். வலி ஏதும் இல்லாததால் காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

காத்திருக்கலாகாது. மாதவிலக்கு ஓராண்டு முழுவதும் நின்ற பின்னர் ஒரு துளி உதிரம் கண்டாலும் அது திரும்பி வந்த விலக்கு அன்று. சாதாரணக் காரணங்களும் இருக்கலாம். கருப்பையின் உட்புறத்திலோ, கருப்பை வாயிலோ தோன்றிய புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல இயலும். வலியில்லை என்பதும் ஆறுதலாகாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. இடுப்பு வலியும் கால் வீக்கமும் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வருகின்றன. தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம் காணுதல், இரு விலக்குகளுக்கு இடையே உதிரப்போக்கு, துர்நாற்றமுள்ள அல்லது உதிரம் கலந்த வெள்ளைப்படுதல் ஆகியவையே முதலில் கவனிக்க வேண்டியவை.

2022ஆம் ஆண்டின் கணிப்பின்படி நம் நாட்டில் அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் கண்டது. 80,000 பேர் அளவில் மாண்டனர்.

இதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் இதனைக் கண்டறிந்து, 2008இல் நோபல் பரிசு பெற்றார். இது தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. இதைக் கேட்டவுடன், நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவோர் உண்டு. அது பெருந்தவறு. மணவாழ்வு நடத்துவோரில் மிகப் பெரும்பாலோரை இக்கிருமி ஒருமுறையேனும் தொற்றுகிறது. பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் உடலே அதனை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகளில் புற்றாகிறது. இளவயதிலேயே மணமானவர், பல பிள்ளைகளைப் பெற்றவர், புகைப்பவர், எய்ட்ஸ் கிருமியால் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. கணவனுக்கு வேறு தொடர்புகள் இருந்திருந்தால், ஏதுமறியாத மனைவியும் நோயுறக்கூடும்.

அந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. செவிலியர் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் கலந்த நீரைத் தடவிப் பார்த்தனர். வினிகரில் உள்ள அமிலமே அது. பழுதுற்ற இடம் ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தெரியும். தேவைப்பட்டோருக்கு அப்பகுதியை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் தரப்பட்டது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணம் மற்றப் பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரேயொரு முறை செய்த சோதனையின் பலன் இது! ஆயினும் அழைக்கப்பட்ட 49,000 பேரில் சோதனைக்கு வந்தவர் ஏறத்தாழ 31,000 பேரே. வராதவருள் எத்தனை பேரைக் கூச்சம் தடுத்ததோ என்று நாம் எண்ணாதிருக்க முடியவில்லை.

முப்பது வயதைக் கடந்த பெண்கள் தொல்லை ஏதும் இல்லாவிடினும் இச்சோதனையைச் செய்துகொள்வது நலம். பெண்குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடத்தக்க தடுப்பூசியும் வந்துள்ளது. அதைப் போட்டுக்கொண்டவரும் பின்னாளில் சோதனையைக் கைவிடலாகாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இந்த வினிகர் முறை போதாது. அது அறிகுறியற்ற, பெரும்பாலும் விலக்கு நிற்காத பெண்களுக்கு உரியது. அவர் பெண் மருத்துவரிடம் சென்று, உதிரம் கண்ட நாட்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவையெனில் சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இவ்விதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாமென அவருக்குத் தனியே எழுதிவிட்டோம். மருமகளிடம் சொல்லத் தயக்கமாயின் கணவரையே உடன் அழைத்துச் செல்லுமாறும் அதில் குறிப்பிட்டுள்ளோம்.