திசை காட்டும் சொல்
செடெனாக்கில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி, 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலைக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 60-இல் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கும் நேரத்தை விட்டுவிடுவோம். சராசரி வேகம்? நம்மில் பலர் சட்டென 50 என்போம். தவறு. போக 18 நிமிடம், வர 12 நிமிடம். 24 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். விடை 48. சராசரி திசைவேகமோ சுழியம். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதே!

மலாய்மொழியில் 'லாஜு', 'ஹலாஜு' என்று மனனம் செய்து குழம்பியவர்கள் நாம். 'திசைவேகம்' என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. தேர்வை எந்த மொழியில் எழுதினாலும், தம்பி தங்கைகளுக்கு முதலில் தமிழில் விளக்குவோம். சூத்திரம் மறந்தாலும் பொருள் நிற்கும்.