பிளஸ் 1 பொதுத்தேர்வுதான் ரத்து... பாடம் ரத்து இல்லை! பாடவாரியாக ஒரு பார்வை

தமிழ்நாட்டில் பிளஸ் 1 மாணவர்களுக்கு இனி பொதுத்தேர்வு கிடையாது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 கல்வியாண்டு முதல் இந்த மாற்றம் அமலுக்கு வந்தது. இனி பள்ளி அளவிலான தேர்வு மட்டும்தான்.

10, 11, 12 என தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா, பரீட்சை போனா பாடமும் போயிடுமா?

முதலில் ஏன் கொண்டு வந்தாங்க?

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2017-18-ல் அறிமுகமானது. அதுக்கு முன்னாடி பல தனியார் பள்ளிகளில் 11-ம் வகுப்பு புத்தகத்தை பெயருக்குப் புரட்டிவிட்டு, இரண்டு வருஷமும் 12-ம் வகுப்பு பாடத்தையே நடத்தினார்கள். காரணம், பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணே 12-ம் வகுப்பு கணிதம், இயற்பியல், வேதியியலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இன்றும் அதேதான் நிலை.

11-ம் வகுப்பில் அப்படி என்ன இருக்கு?

கணிதம்: வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றும் இங்கேதான் ஆரம்பம். 12-ம் வகுப்பில் வருவது இவற்றின் 'பயன்பாடுகள்'. அடிப்படை தெரியாம பயன்பாட்டை எப்படி படிக்கிறது? மனப்பாடம்தான் வழி.

இயற்பியல்: இயக்கம், விசை, ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலைகள் எல்லாம் 11-ல். 12-ல் வரும் மின்னழுத்தம் புரிய, 'வேலை, ஆற்றல்' பாடம் தெரிந்திருக்கணும்.

வேதியியல்: அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை இங்கே வருகிறது.

விலங்கியல்: செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம் 11-ல் இருக்கு. டாக்டராகணும்னு ஆசைப்படுற பிள்ளை இதயத்தைப் பற்றி படிப்பது இந்த வருஷம்தான்.

கணக்குப்பதிவியல்: குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு 11-ல். கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள் 12-ல். பேரேடு எழுதத் தெரியாமல் கூட்டாண்மைக் கணக்கு போட முடியாது.

யாருக்கு பாதிப்பு?

நீட், ஜேஇஇ தேர்வுகளில் 11, 12 இரண்டு வகுப்புப் பாடங்களில் இருந்தும் கேள்வி வரும். 11-ம் வகுப்பு பாடத்தை பள்ளி விட்டுவிட்டால், வசதியுள்ள மாணவர் கோச்சிங் சென்டரில் படித்துக்கொள்வார். வகுப்பறையை மட்டும் நம்பியிருக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நுழைவுத்தேர்வு எழுதாதவர்களும் தப்ப முடியாது. கல்லூரி முதல் வருஷ கணக்கு வகுப்பில் அந்த இடைவெளி தெரிஞ்சிடும்.

அதனால் பொதுத்தேர்வை ரத்து செய்தது தப்புன்னு சொல்லிட முடியாது. ஆனா, பாடம் நடக்குதான்னு பார்க்க அந்தத் தேர்வு ஒரு கண்காணிப்பாகவும் இருந்தது. இனி அந்த வேலையை கல்வித்துறை ஆய்வுகளும் பெற்றோரும்தான் செய்யணும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அரசு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பாடநூலின் பொருளடக்கத்தையும் பிள்ளையின் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முக்கோணவியல் நடந்திருந்தா சரி. அதுக்குப் பதிலா 12-ம் வகுப்பின் கலப்பெண்கள் ஆரம்பிச்சிருந்தா, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்.