625 என்றால் பவர் அதிகமா?



சென்ற இதழின் காய்ச்சல் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பலவும் மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றியே கேட்கின்றன. "500 போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. மெடிக்கலில் 625 கொடுத்தார்கள். அது பவர் அதிகமா?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எங்கள் அலுவலகத்திலும் இதே சந்தேகம் உலவுவதால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இரண்டிலும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் அதே 500 மில்லிகிராம்தான், அம்மா. கூடுதலாக உள்ள 125, கிளாவுலானிக் அமிலம் என்ற வேறொரு பொருள். சில பாக்டீரியாக்கள் அமாக்ஸிசிலினை உடைத்துப்போடும் நொதி ஒன்றைச் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்குவதற்குத்தான் இந்த 125. தொண்டையில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அந்த நொதி கிடையாது. அங்கே 625 போட்டால் பலன் கூடாது, வயிற்றுப்போக்கு வேண்டுமானால் கூடும். ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு எந்த எண் போட்ட ஆன்டிபயாடிக்கும் கேட்காது.

மில்லிகிராமைப் பற்றி இவ்வளவு கேட்கிறோம், நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ரத்தத்தில் அமாக்ஸிசிலினின் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிறுநீரகம் அவ்வளவு வேகமாக அதை வெளியேற்றுகிறது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் ரத்தத்தில் எவ்வளவு உயரம் ஏறின என்பதைவிட, தேவையான அளவில் எவ்வளவு நேரம் நின்றன என்பதே கிருமியின் கதையை முடிக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொல்வது இதனால்தான். நாமோ அதை 'மூன்று வேளை' ஆக்கி, காலை ஒன்பது, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம். அதன்பின் பதின்மூன்று மணி நேரம் கிருமிக்கு விடுமுறை!

எல்லா மருந்தும் இப்படி இல்லை. ஜென்டாமைசினுக்கு உச்சம்தான் முக்கியம், ஆகவே பலருக்கு அதை நாளுக்கு ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். அசித்ரோமைசின் திசுக்களுக்குள் புகுந்து நாள்கணக்கில் தங்கிவிடும். பல நோய்களுக்கு மூன்று நாள் மாத்திரை போதுமானதாக இருப்பது அதனால். அதைப் பார்த்துப் பழகித்தான் மற்ற ஆன்டிபயாடிக்குகளையும் மூன்றாம் நாள் நிறுத்துகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எத்தனை நாள் என்பதும் நோய்க்கு நோய் மாறும். பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்புத் தொற்றுக்கு ஃபாஸ்ஃபோமைசின் பொட்டலம் ஒன்றைக் கரைத்து ஒரே ஒரு முறை குடித்தால் போதும். தேறிவரும் நிமோனியா நோயாளிக்குப் பல சமயம் ஐந்து நாள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பென்சிலின் மாத்திரை பத்து நாள், ஏனென்றால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுத்துவிடக்கூடாது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். நாள் குறைத்து எழுதும் டாக்டரைக் கஞ்சர் என்று நினைக்க வேண்டாம். தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும், நம் குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும் நாளாகிவிடுகிறது. அதற்காக உடம்பு தேறியதும் நாமே நிறுத்திக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தா பத்தா என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்குகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. காசநோய்க் கணக்கில் ஒரு பகுதி நம் சென்னையில் போடப்பட்டது. 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியபோது, நோயாளியை சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுத்தான் குணப்படுத்த முடியும் என்பது பொதுவான நம்பிக்கை. நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து ஓராண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. கண்காணிப்போடு வாரத்துக்கு இரண்டே முறை கூடுதல் அளவில் கொடுத்தாலும் மருந்து வேலை செய்யும் என்பதும் பின்னர் அங்கேயே தெரியவந்தது. தேசியத் திட்டம் நெடுங்காலம் வாரம் மூன்று முறை மருந்து கொடுத்து, 2017-இல் தினசரிக்கு மாறியது. டோஸ் என்பது இப்படிச் சோதித்து, திருத்தி, மறுபடி சோதித்து வருவது. நம் சௌகரியத்துக்கு அதை மாற்றுவது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரப்பின் அளவு எடையை வைத்துத்தான், வயதை வைத்து அல்ல. வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் அளவுமூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். தண்ணீர் கலந்த அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் சிரப்பை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான். போன மாதத்து மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டோஸை ஏன் குறைக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் மருத்துவர் பதில் எழுதுகிறார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால், உங்கள் கேள்விகளையும் சேர்த்து இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்