அரை மணியா, ஒரு மணியா?

தேனி, போடி, கம்பம் பகுதிகளில் பிள்ளைகளைத் தனி இசை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலரும் ஒரு மணி நேரம் என்றால் மகிழ்கிறார்கள். அரை மணி என்றால் கட்டணம் வீண் என்று கருதுகிறார்கள். இந்தக் கணக்கு தவறென்பது என் எண்ணம்.

நேரத்தைப் பாடமே முடிவுசெய்ய வேண்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அரை மணிக்குள் குரலும் கவனமும் தளர்ந்துவிடும். அதற்கு மேல் இழுத்துப்பிடித்தால் பாட்டின்மீதே வெறுப்பு வளரும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் என்பதை இருமுறை அரை மணியாகப் பிரித்தால், பிழை ஊறிப்போகுமுன் திருத்தலாம். ஏழு தாள அலங்காரங்களை மூன்று காலங்களில் பாடும் நிலையில் முக்கால் மணி வேண்டும். வர்ணத்தை இரு காலங்களில் பாடவைத்துத் திருத்த ஒரு மணி நேரம் தேவை.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பயிலுமுன், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். அந்தப் பழக்கத்தை எந்த வகுப்பும் தந்துவிட முடியாது.

ஆகவே, 'வகுப்பு எவ்வளவு நேரம்?' என்பதோடு, 'வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் பாட வேண்டும்?' என்றும் ஆசிரியரைக் கேளுங்கள்.